சுறா எண்ணெயில் ஊறிய இத்தாலி வண்டி

தூத்துக்குடியில் கப்பல் கரையைத் தேடி வராது. ஆழம் போதாது என்று மைல் கணக்கில் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, ஆளையும் மூட்டையையும் படகில் இறக்கி அனுப்பிவிடுகிறார்கள். குளம் மாதிரிக் கிடக்கும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிப் பழகிய எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. படகு ஒவ்வொரு அலைக்கும் எழும்பி விழ, மடியில் இருந்த கித்தான் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பையில் துணிமணி அதிகம் இல்லை. முக்கால்வாசியும் ஸ்பானர்.

சுங்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இந்த ஆள் கப்பலையே கழற்றிக்கொண்டு போக வந்திருக்கிறான் போலிருக்கிறது." எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டார். நானும் தெரியாதவன் மாதிரியே நின்றேன். யுத்தம் முடிந்த மறு வருஷம். எந்த அதிகாரியிடமும் அதிகம் பேசாமல் இருப்பதே நல்லது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. இத்தாலியில் செய்தது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரம் செய்கிறேன் என்பார்கள். தெரிந்தவர்களுக்கு வர்ணனையே போதும். ஒற்றைச் சிலிண்டர். நமது ரோடுகளில் ஓடும் இங்கிலீஷ் வண்டிகளில் சிலிண்டர் நாற்காலியில் உட்கார்ந்த துரை மாதிரி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இதில் அது முன்சக்கரத்தைப் பார்த்தபடி காற்று வாங்கப் படுத்திருக்கும். பிளைவீல் எஞ்சினுக்கு உள்ளே ஒளிந்திருக்காது. வெளியே, பக்கவாட்டில், சோற்றுத் தட்டு அகலத்தில் பளபளவென்று எல்லார் கண்ணுக்கும் தெரியச் சுற்றும். நிறம் சிவப்பு.

ஆனால் அதன் அழகு கண்ணுக்கு அல்ல, காதுக்கு. மற்ற வண்டிகள் படபடவென்று பதறும். இது ஓர் அடி அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, அடுத்த அடியை அடிக்கும். அந்த இரண்டு அடிக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான் நான் அடிமை. கொழும்பில் சின்னதாக ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்; எத்தனையோ வண்டி கையில் வந்து போயிருக்கிறது; ஒன்றும் இதற்கு ஈடில்லை. "அது வண்டியில்லை, உங்கட மூத்த பிள்ளை" என்பாள் என் மனைவி.

அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து வந்தது. கண்டி ரோட்டில் கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்த நேரம், மழைத் தண்ணீர் வாரியடித்து சிலிண்டர் ஹெட் வெடித்துவிட்டது. ஹெட் என்பது சிலிண்டரின் வாயை அடைக்கும் இரும்பு மூடி. அது வெடித்தால் எஞ்சின் செத்த மாதிரிதான். ஒட்டிப் பார்த்தேன், ஒட்டு விட்டுவிட்டது. இத்தாலியிலிருந்து வரவழைக்கலாம் என்றால் அந்த நாடு இருந்த கோலத்தில் ஓர் ஆணி கூட வராது. வண்டி மூலையில் நின்றது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு நாள், தூத்துக்குடித் தோணியில் வெங்காயம் கொண்டுவந்த சூசை என்ற மாலுமி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று என் வண்டியையே உற்றுப் பார்த்தான். "அண்ணாச்சி, இதே வண்டி திரேஸ்புரத்துல எங்க தண்டல் வீட்டு ஷெட்டுல தொங்குது" என்றான். தண்டல் என்றால் தோணியின் தலைவர். நிற்குது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருக்க மாட்டேன். தொங்குது என்றானே, அதுதான் என்னைக் கடல் தாண்ட வைத்தது.

தூத்துக்குடி வெயிலைப் பற்றி எழுதினால் தாளே காய்ந்துவிடும். உப்பளங்களில் குவித்த உப்பு கண்ணைக் குத்துகிறது. குடிதண்ணீர் வண்டியில் வருகிறது. குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கொழும்பில் நாங்கள் மழையைத் திட்டிக்கொண்டே தண்ணீரில் மிதக்கிறோம். இங்கே டீக்கடையில் முதல் வாய் குடித்ததும் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டானோ என்று கடைக்காரரைப் பார்த்தேன். "தண்ணி அப்படித்தான், பழகிரும்" என்றார். ஊரை விட்டுப் போகும்போது உண்மையில் பழகிவிட்டது.

திரேஸ்புரம் முழுக்க வலையும் கட்டுமரமும் கருவாடும். சந்தியாகு தண்டலின் வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஐம்பது வயது இருக்கும், அகலமான தோள், வெயிலில் சுருங்கிய கண். சூசை முன்பே சொல்லி வைத்திருந்தான் போலிருக்கிறது. "கொழும்புத் தம்பியா, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "ஏளா, தம்பிக்குச் சாப்பாடு எடு" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். நாங்களும் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வோம். கடல் தாண்டியும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

அவருடைய மனைவி அந்தோணியம்மாள் பரிமாறினார். ரேஷன் அரிசிச் சோறு, கல் பொறுக்கிப் பொறுக்கித்தான் தின்ன வேண்டும். ஆனால் ஊளிமீன் குழம்பு! புளியும் தேங்காயும் சேர்த்து வைத்த அந்தக் குழம்புக்கு முன்னால் கல் கூட அரிசியாகத்தான் தெரிந்தது. "நல்லா சாப்பிடுங்க தம்பி. அந்தச் சனியன் வண்டிய எடுத்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தெனமும் மீன் வெட்டி வெக்கேன்" என்றார். தண்டல் முறைத்தார்.

சாப்பிட்ட கை உலரும் முன் ஷெட்டுக்குப் போனோம். மோட்டு உத்திரத்திலிருந்து தோணிக் கயிற்றில், பாய்மரத் துணியால் சுற்றித் தைத்த ஒரு பெரிய பொட்டலம் தொங்கியது. சந்தியாகு கப்பியைத் தளர்த்திப் பொத்தினாற்போல் இறக்கினார். தையலைப் பிரித்தார். முதலில் வந்தது நாற்றம். என்ன நாற்றம் என்று யோசிப்பதற்குள் சிவப்பு தெரிந்தது, பிறகு பிளைவீல், பிறகு படுத்திருந்த அந்தச் சிலிண்டர். நான் தரையில் முழங்கால் போட்டுவிட்டேன்.

ஒரு பொட்டுத் துரு இல்லை. ஜன்னல் கீல் வருஷத்துக்கு வருஷம் உதிர்ந்துபோகும் ஊர் அது, காற்றிலேயே உப்பு. அந்தக் காற்றில் யுத்த காலம் முழுக்கக் கிடந்த இரும்பு இப்படிப் பளபளக்கிறது! இந்த மனுஷரை என் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"விலை என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன். அவசரக்குடுக்கைதான்.

"எம் பொருளா, விக்கதுக்கு?" என்றார். "இது சாமியாரு வண்டி தம்பி."

கதை இதுதான். யுத்தத்துக்கு முன் அந்தக் கரையில் ஓர் இத்தாலியப் பாதிரியார் இருந்தார், ஊர்ப் பேச்சில் சாமியார். இந்த வண்டியில்தான் ஊர் ஊராகப் போய்ப் பூசை வைப்பார். இத்தாலியோடு சண்டை மூண்டதும் போலீஸ் வந்து, எதிரி நாட்டுக்காரர் என்று அவரை வடக்கே ஏதோ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. போகிற போக்கில் சந்தியாகுவைக் கூப்பிட்டு, "இது உன் பொறுப்பு. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று வண்டியைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது விடுதலையாகிவிட்டார். இத்தாலிக்குக் கப்பலேறும் முன் ஊராரிடம் விடைபெற வருகிற ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறார் என்று தகவல்.

"அவரு கோயில் வாசல்ல இத உதைச்சு ஸ்டார்ட் பண்ணணும். நா பாக்கணும். அவ்ளதான் எனக்கு" என்றார் சந்தியாகு. "ஊருக்குப் போறவரு வண்டிய என்ன செய்யப் போறாரு? நீங்களே கேளுங்க, தருவாரு. ஆனா அவரு கையில குடுக்கும்போது ஓடணும். ஓட வெச்சுத் தாங்க."

இதைவிட நல்ல பேச்சு இருக்க முடியாது. பாதிரியாரிடம் கேட்டால் வண்டியே கிடைக்கும். இல்லாவிட்டாலும் ஹெட் கிடைக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு பிளைவீலைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு காலையும் ஊன்றிச் சுற்றினேன். பாறை.

"அண்ணாச்சி, உள்ளுக்கு என்ன எண்ணெய் விட்டீங்கள்?"

"சுறா எண்ணெய்" என்றார் பெருமையாக. "தோணிக்கு வருஷா வருஷம் பூசுவோம்லா, அதே எண்ணெய். பிளக்கு ஓட்டை வழியா ரொம்புற மட்டும் ஊத்திருவேன். உப்புக் காத்து கிட்ட வராது."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். தோணிக்காரரைத் தவிர வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்யமாட்டார்கள். மரத்துக்கு அது நல்ல மருந்து. காயக் காயப் பிசின் மாதிரி இறுகிப் பலகையைக் காக்கும். சிலிண்டருக்குள்ளும் அது தன் குணத்தைத்தான் காட்டியிருந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் ஓருயிராக ஒட்டிக் கிடந்தன. ஆனால் அந்த எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் துருப்பொடியாகப் போயிருக்கும் என்பதும் நிஜம். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்து ஹெட்டின் நட்டில் மாட்டினேன்.

சந்தியாகு என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கவில்லை, ஆனால் என்னால் அசைக்க முடியவில்லை.

"பிரிக்கப்பிடாது தம்பி."

"கழட்டாமல் எப்பிடி ஓட வைக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது. நம்பிக் குடுத்த சரக்கு. கட்டுன கட்டோட வாங்கி, கட்டுன கட்டோட எறக்கணும். தோணிக்காரன் மூட்டையப் பிரிச்சுப் பாத்தான்னா அவனுக்குப் பொறவு எவன் சரக்குக் குடுப்பான்?"

"எண்ணெய் விட பிளக்கைக் கழட்டினீங்கள்தானே?"

"அது மூடி. தோணிக்கு மேல்மூடி இல்லியா? அதத் தொறந்து தண்ணி ஏறுதான்னு பாக்கலாம். மூட்டையத் தொறக்கதும் அதுவும் ஒண்ணா?" என்றார். "முத்துக் குளிக்குற சிலாபத்துல சிப்பியத் தொறந்து பாத்துட்டா ஏலம் கேப்பாவ? அப்படியேதான் வாங்குவாவ."

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் எதிர்த்து வாதாடுவது? ஸ்பானரைப் பையில் போட்டேன். ஹெட்டைத் தொடாமல், பிளக் துவாரம் என்ற ஒரே வாசல் வழியாக எஞ்சினை எழுப்ப வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சந்தியாகு அதைக் கண்டுகொள்ளாமல் சுருட்டைப் பற்றவைத்தார்.

துவாரம் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, மறுநாள் பெட்ரோல் தேடிப் புறப்பட்டேன். பெட்ரோலுக்கு ரேஷன், வெளியூர்க்காரனுக்கு யார் தருவார்கள்? காயல்பட்டணத்தில் செய்யிது காக்கா இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். அவருடைய காரை நான்தான் பழுது பார்ப்பேன்.

பஸ் கரிவாயு பஸ். யுத்தத்தில் வந்த இந்த அவதாரத்தைக் கொழும்பிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பில் ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர், டிக்கெட்டில் அதுவும் சேர்த்தி என்பதுபோல. ஒரு கிழவி மட்டும் கோழிக்கூடையோடு உள்ளேயே இருந்தாள். "எறங்கும் ஆச்சி" என்றதற்கு, "நா எறங்குனா கோழி தனியா பயப்படும்லா" என்றாள். அவளையும் கோழியையும் சேர்த்தே தள்ளினோம்.

செய்யிது காக்கா என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். வட்டலப்பம் வந்தது. அது எங்கள் ஊர்ப் பண்டம் என்று நான் சொல்ல, அவர்கள் ஊர்ப் பண்டம் என்று அவர் சொல்ல, தட்டு காலியாகும்வரை தர்க்கம் தீரவில்லை. தன் காருக்கு வைத்திருந்த பெட்ரோலில் ஒரு டின் எடுத்துக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். சந்தியாகு தண்டல் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வாப்பா காலத்துல ஒரு பெட்டி அனுப்பினாஹ, அவர் தோணியில. நடுக்கடல்ல புயல். பாரத்தக் குறைக்கணும். மனுஷன் தன் வீட்டுக்கு வாங்கிட்டு வந்த அரிசி, ஓடு, எல்லாத்தையும் கடல்ல தள்ளிட்டு அந்தப் பெட்டிய மட்டும் காப்பாத்திக் கொண்டாந்தார். பெட்டிக்குள்ள என்ன தெரியுமா? தேங்காச் சிரட்டை அகப்பை! அன்னையிலருந்து இன்னை வரைக்கும் உள்ள என்ன இருந்திச்சுன்னு அவர் கேட்டதில்ல. சொல்ல எங்களுக்கும் வெக்கம்."

திரும்பி வரும்போது பஸ்ஸைத் தள்ளியது கூட எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்த அந்த மனுஷர் மேல் இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது.

மண்ணெண்ணெயைச் சுடவைத்து ஊற்றினேன், ஊற வைத்தேன், மறுபடி ஊற்றினேன். பிளைவீல் அசையவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது. ஷெட் வாசலில் சந்தியாகு ஒன்றும் கேட்காமல் வந்து வந்து நின்றுவிட்டுப் போனார். அவர் கேட்டிருந்தால் தேவலை.

சூசைதான் வழி சொன்னான். "அண்ணாச்சி, இந்தத் தட்டு வெளிய இருக்குல்லா? கயித்தச் சுத்தி இழுத்தா என்ன? நங்கூரமே வருது, இது வராதா?"

வேறு எந்த வண்டியாக இருந்தாலும் இது நடக்காது. பிளைவீல் உள்ளே அடைந்து கிடக்கும். இத்தாலிக்காரன் அதை வெளியே வைத்த புண்ணியம்! வண்டியை ஷெட் தூணோடு சேர்த்துக் கட்டினோம். பிளைவீலில் தோணிக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும் என்று கெஞ்சினேன். "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். தோணிக்காரர் எட்டுப் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். சூசை அம்பாப் பாட்டு எடுத்தான். பாய் ஏற்றும்போது ஒருவர் முதல் அடி பாட, மற்றவர்கள் இழுப்போடு சேர்த்துத் திருப்பிச் சொல்லும் பாட்டு அது. சூசை அந்த நேரத்துக்குக் கட்டிய அடிகளில் நானும் வந்தேன், என் மனைவி என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டதாக அவனே கட்டிய கதையும் வந்தது. "ஏலேலோ" என்று கயிறு விறைத்தது. "ஐலசா" என்று எல்லார் உடம்பும் ஒரே உடம்பாகச் சாய்ந்தது.

மொறுக்கென்று ஒரு சத்தம். பிளைவீல் அரைச் சுற்றுச் சுற்றியது. பிளக் துவாரத்திலிருந்து கறுப்பு எண்ணெய் பீய்ச்சியடித்து, கொடியில் காய்ந்த அந்தோணியம்மாளின் வெள்ளைச் சேலையில் போய் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்ட வைத்திருந்த சேலை. அவர் வெளியே வந்து சேலையைப் பார்த்தார், சுற்றிய பிளைவீலைப் பார்த்தார். "ஓடிருச்சா?" என்றார். ஓடவில்லை, அசைந்துவிட்டது என்றேன். "அப்ப சேலை போனாப் போகுது" என்றார்.

மண்ணெண்ணெயால் கழுவிக் கழுவி, காற்று அடித்து, புதிதாக எண்ணெய் விட்டு, பெட்ரோல் ஊற்றினேன். மாலையில் வெயில் தணிந்த நேரம் உதைத்தேன். உதைத்தேன். ஏழாவதோ எட்டாவதோ உதையில், டுக் என்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி டுக் என்றது. பிறகு நிற்கவில்லை.

வெள்ளைப் புகை தெருவை மூடியது. எஞ்சினுக்குள் மிச்சமிருந்த சுறா எண்ணெய் வேக வேக, திரேஸ்புரத்தில் உள்ள பூனை பூராவும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மாப்பிள்ளையூரணி வரைக்கும் ஓட்டிப் போய் வந்தேன். உடைமரக் காட்டுக்கு நடுவே அந்த நிதானமான அடி காதில் விழுந்துகொண்டே வந்தது. கொழும்பு, கண்டி ரோடு, கடன், கவலை ஒன்றும் அந்த நேரம் எனக்கு இல்லை. என்ன வண்டி! என்ன வண்டி!

திரும்பி வந்து, "ஏறுங்கோ அண்ணாச்சி, ஒரு சுற்றுப் போவம்" என்றேன்.

சந்தியாகு இரண்டடி பின்னால் போனார். "சரக்கு மேல ஏறி உக்காரதா? நல்லாருக்கே" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வண்டியைத் துடைத்து நிறுத்தினோம். ஹாண்டிலில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சந்தியாகு வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். சேர்த்து வைத்த ரேஷன் சர்க்கரையில் அந்தோணியம்மாள் சாமியாருக்காக மக்ரூன் செய்து தகர டப்பாவில் கொண்டுவந்திருந்தார். கூம்பு கூம்பாக, முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து, வாயில் போட்டால் காற்றாய்க் கரையும் பண்டம்.

பூசை முடிந்து புதுச் சாமியார் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், மல்லிகையைப் பார்த்தார், சந்தியாகுவிடம் மெதுவாகச் சொன்னார். இத்தாலியச் சாமியாரை முகாமிலிருந்து நேரே பம்பாய்க்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றிவிட்டார்களாம். இங்கே வர அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் போயே நாளாகிவிட்டதாம்.

"வண்டியப் பத்தி ஏதும் சொன்னாவளா சாமி?"

"ஒன்றும் தகவல் இல்லையே" என்றார் அவர், வருத்தத்தோடு.

சந்தியாகு கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் மனசு ஒரு குரங்குதானே. வண்டிக்கு இனிச் சொந்தக்காரர் இல்லை, ஹெட் நமக்குத்தான் என்று ஒரு மூலையில் அது குதித்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தோணியம்மாளே அதைப் பேசிவிட்டார். "அவரு வரமாட்டாருன்னு ஆயிப்போச்சு. நாம காத்தது போதும். பாடுபட்டு ஓட வெச்ச தம்பி, அவருக்கே குடுத்துருங்க." சூசையும் அதுதான் சரி என்றான். சந்தியாகு கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு சுருட்டு முழுவதும் குடித்தார்.

"சரக்கு வாங்குதவரு தொறை மாறிட்டாரு" என்றார் கடைசியில். "அப்ப சரக்கும் தொறை மாறணும். அவ்ளதான. என் தோணி கொழும்பு வரைக்கும்தான் போவும். அங்கருந்து இத்தாலிக்குக் கப்பல் உண்டும்லா தம்பி?"

"இப்ப சரக்குக் கப்பல் ஒழுங்காக ஓடேல்லை அண்ணாச்சி. கொஞ்சக் காலம் பொறுக்க வேணும். அவர் எந்த ஊரில இருக்கிறார் எண்டு விசாரிக்கவும் வேணும்."

"மெதுவா விசாரிங்க. அதுவரைக்கும் உங்க ஷெட்டுல நிக்கட்டும்."

"அண்ணாச்சி, என்ர ஷெட்டில இதே வண்டி ஹெட் வெடிச்சு நிக்குது. அதுக்காகத்தான் நான் வந்தனான். தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகும் என்னட்ட விடுறீங்களே. பயம் இல்லையோ?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "தோணியில சரக்கு ஏத்துதவன் பொறவு கரையிலயே நின்னு தோணியப் பாத்துக்கிட்டா இருப்பான்? ஏத்திட்டு வீட்டுக்குப் போயிருவான் தம்பி" என்றார்.

சத்தியம் வாங்கவில்லை, சாட்சி வைக்கவில்லை. வண்டியைப் பாய்த்துணியில் சுற்றி அவரே தைத்தார். கப்பி கட்டி, அம்பாப் பாட்டோடு தோணியில் ஏற்றினார்கள். நானும் அதே தோணியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஏறினேன். அந்தோணியம்மாள் மக்ரூன் டப்பாவை என் கையில் வைத்து, "அவருக்குக் குடுத்து வெக்கல. நீங்களாவது தின்னுங்க" என்றார். பின்னாலேயே சந்தியாகு இடுப்பளவு தண்ணீரில் வந்து இன்னொரு டின்னை நீட்டினார். திறந்து பார்க்க வேண்டியதில்லை, நாற்றமே சொன்னது. "வாடைக்காத்து தொடங்கும்போது ஊத்திருங்க" என்றார். கரை மறையும்வரை திரும்பிப் பார்த்தேன். சொன்னபடியே அவர் நிற்கவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது என் ஷெட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வந்த முதல் வாரம் ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தையலைப் பிரித்தேன். ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டினேன். ஒரு மணி நேர வேலை. என் வண்டி ஓடும். வெடித்த ஹெட்டை இதில் மாட்டிவிட்டால், பார்க்கிற எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. மணிக்கட்டில் அந்தக் கை இருந்தது. வலிக்கவில்லை, ஆனால் அசைக்க முடியவில்லை.

இத்தாலியில் அந்தச் சாமியாரின் ஊரைக் கண்டுபிடிக்க இங்கே உள்ள கோயில்களில் சொல்லி வைத்திருக்கிறேன். வாடைக்காற்று போன வாரம் தொடங்கிவிட்டது. நல்ல எஞ்சின் எண்ணெய் என்னிடம் டின் டின்னாக இருக்கிறது. இருந்தும் பிளக்கைக் கழற்றி, சந்தியாகு கொடுத்த சுறா எண்ணெயைத்தான் நிரம்புகிற மட்டும் ஊற்றினேன். "வீடு முழுக்க மீன் மணம்" என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பாய்த்துணியைப் போர்த்தித் தைத்தேன், பிளைவீல் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. அந்த எண்ணெய் பிசினாக இறுகும் என்று எனக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் கடை திறந்ததும், பிளக்கைத் தளர்த்தி, அந்தத் தட்டைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.